மாற வேண்டாத வருஷம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், ஹாலிஃபாக்ஸ் நகரத்து பிராக்கன் தெருவில் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டுவதற்குக் காரணம் வேண்டும். பெரிய காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. தபால்காரர் மாற்றிக் கொடுத்த பார்சல் போதும். காணாமல்போன பூனை போதும். குப்பை வண்டி இந்த வாரம் செவ்வாயா புதனா என்ற சந்தேகம்கூடப் போதும். ஆனால் "சும்மாதான் வந்தேன்" என்று ஒருவர் வாசலில் நின்றுவிட்டால், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, விழாமலிருக்கக் கதவைப் பிடித்துக்கொள்வார்கள்.

நெவில் ஹோல்ராய்டுக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். எழுபதைத் தாண்டியவர். கார்ப்பெட் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் பாதி வீடுகளுக்குள் அவர் போயிருக்கிறார். எல்லாம் மண்டிபோட்டு அளவெடுக்கப் போனவைதான். அந்த வீடுகளின் தரையைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் மூலை முடுக்கோடு சொல்வார். தரைக்கு மேலே என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மனைவி கிளெண்டா, பிரிட்லிங்டன் கடற்கரையில் கேரவன் வாடகைக்கு விடும் ஒருவரோடு போய்ப் பல வருஷமாகிறது. அதை நெவிலே நகைச்சுவையாகச் சொல்வார். "என் பொண்டாட்டியும் சப்ளையரை மாத்திக்கிட்டா. பாதியில போனா வெளியேறுற கட்டணம் உண்டில்லையா? அதையும் என்கிட்டயே வசூல் பண்ணிட்டுப் போனா." வருஷத்துக்கு ஒருமுறை, வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வார். ஒவ்வொருவரும் சிரிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதுதான் விஷயம்.

இங்கே வீட்டுக்கு வரும் காஸும் கரண்டும் கம்பெனிகள் விற்பவை. குழாய் ஒன்றுதான், கம்பி ஒன்றுதான், அடுப்பில் எரிவதும் அதே நீலச் சுடர்தான். பில்லின் தலையில் இருக்கும் பெயர் மட்டும் மாறும். ஒரு வருஷ ஒப்பந்தம் மலிவாகக் கிடைக்கும். வருஷம் முடிந்தபின் நீங்கள் பாட்டுக்கு இருந்துவிட்டால், கம்பெனி உங்களைச் சத்தம் போடாமல் தூக்கி அதிக விலையில் உட்கார வைத்துவிடும். அதற்கு நெவில் வைத்திருந்த பெயர் சோம்பேறி விலை. ஆகையால் வருஷாவருஷம் மாறவேண்டும். எப்போது மாறுவது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் மாறினால் அபராதம், தாமதித்தால் சோம்பேறி விலை. நடுவே, ஒப்பந்தத்தின் கடைசி ஏழு வாரத்தில், அபராதமில்லாமல் நழுவ ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தின் வாசலில் நெவில் நின்றுகொண்டிருந்தார், கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் மாதிரி.

முதலில் வந்தவர் மேவிஸ் சக்டன். மூன்று வீடு தள்ளி இருப்பவர், கணவனை இழந்தவர், எதற்கும் பயப்படுகிறவர். பில் புரியவில்லை என்று ஒருநாள் எடுத்துக்கொண்டு வந்தார். நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் விலைகளை ஒப்பிட்டு அவரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். மேவிஸ் அதைத் தெரு முழுக்கச் சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து தெருவே வர ஆரம்பித்தது. காசு வாங்கமாட்டார். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் ஷபீர் சமோசா கொண்டுவருவார், மூலைவீட்டு நர்ஸ் பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை', மேவிஸ் பார்க்கின். பார்க்கின் என்பது இஞ்சியும் ஓட்ஸும் கரும்பாகும் போட்டுச் செய்யும் கனத்த கேக். மேவிஸ் செய்ததைத் தவறிக் காலில் போட்டுக்கொண்டால் எலும்பு முறியும். நெவில் ஒரு துணுக்குவிடாமல் தின்பார்.

இந்தத் தொழிலில் நெவில் சில நெளிவு சுளிவுகள் வைத்திருந்தார். வேலையை ஒரே அமர்வில் முடிக்கமாட்டார். எல்லாம் பேசி முடித்து, தேநீர்ப் பானை காலியான பிறகு, "மீட்டர் ரீடிங் எங்கே?" என்பார். அது இல்லாமல் நகரமுடியாது, போய் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள் என்பார். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. தானாகவே கணக்கை அனுப்பிவிடும் ஸ்மார்ட் மீட்டர் வந்தபோது தெருவில் அதற்கு எதிராக மிகக் கடுமையாகப் பிரசாரம் செய்தவர் அவர்தான். நீங்கள் எத்தனை மணிக்குக் குளிக்கிறீர்கள் என்று லண்டனில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கிளப்பிவிட்டார். மேவிஸ் அந்த வாரம் குளிக்கவே யோசித்தார்.

இதைவிடப் பெரிய சூழ்ச்சி ஒன்று உண்டு. எல்லாருடைய ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடிந்தால் எல்லாரும் ஒரே வாரத்தில் வந்துபோய்விடுவார்களே? ஆகவே சிலரை, "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க, விலை இறங்கும்" என்று தள்ளித் தள்ளி வைத்து, சில வருஷங்களில் தெருவையே வரிசைப்படுத்திவிட்டார். ஷபீர் அக்டோபர். அடுத்தவர் அதற்கு இரண்டு வாரம் கழித்து. நர்ஸ் ஜனவரி. இருட்டு காலம் முழுவதற்கும் ஆளுக்கொரு நாளாக நிரவி விரித்திருந்தார், ஓரத்தில் துண்டு விழாமல். மேவிஸை மட்டும் நவம்பர் கடைசிக்குக் கொண்டுவந்திருந்தார். அது நாலு மணிக்கே இருட்டிவிடுகிற சமயம். இருட்டிவிட்டால் மேவிஸ் இன்னொரு கப் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். அப்படித் தள்ளிவைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். எவ்வளவு என்று நெவில் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்தவர் இதற்குப் பார்க்கவில்லை.

மேவிஸ் அவரை 'கண்ணு' என்று கூப்பிடுவார். அதில் ஒன்றுமில்லை. யார்க்‌ஷரில் பஸ் ஓட்டுநர், இறைச்சிக்கடைக்காரர், பல் பிடுங்குகிறவர், எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். அதில் ஒன்றுமில்லை என்று நெவிலுக்கும் தெரியும். தெரிந்தும் வருஷம் முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தார்.

தொற்றுக் காலத்தில்கூட இந்த வியாபாரம் நிற்கவில்லை. பில்லை வெளியே நின்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்கள், அவர் உள்ளேயிருந்து கத்தினார்.

அதற்கு ஆபத்து வந்தது அடுத்த வருஷம், 2021 அக்டோபரில்.

உலகச் சந்தையில் காஸ் விலை எகிறியது. மலிவு விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சின்னக் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. அந்த நிலையில்தான் ஷபீர் வழக்கம்போல் சமோசாப் பொட்டலத்தோடு வந்தார். ஐம்பது வயது, ஹாலிஃபாக்ஸிலேயே பிறந்து, ஊரின் எல்லா வதந்திகளையும் பின்சீட்டில் ஏற்றி இறக்கியவர். நெவில் அவருக்குச் சாச்சா, சித்தப்பா முறை.

"சாச்சா, கதவைத் தொற. இந்த வருஷம் என்னை எந்தக் கட்சிக்கு மாத்தப் போற?"

"உள்ள வா. மீட்டர் ரீடிங்..."

"இந்தா. போன வருஷம் இதுக்காகத் திருப்பி அனுப்பினியே. இந்தத் தடவை ஏமாறமாட்டேன்."

நெவில் அந்தச் சீட்டைப் பார்த்தார். "எப்ப எடுத்தது?"

"காலைல."

"காலைல எடுத்தது சரிப்படாது. ராத்திரி எடுக்கணும்."

"ஏன், ராத்திரிலதான் மீட்டர் உண்மை பேசுமா?"

நெவில் கம்ப்யூட்டரைத் திறந்தார். வழக்கமாகத் திரை நிறைய விலைகள் வந்து விழும். அன்றைக்கு, சந்தைக்குப் போன நேரத்தில் எல்லாரும் கடையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மூலையில் இரண்டே இரண்டு ஒப்பந்தங்கள் கிடந்தன. இரண்டும் யானை விலை.

நெவிலுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சோம்பேறி விலைக்கு மேலே அரசாங்கம் ஒரு உச்சவரம்பு போட்டிருந்தது. அதைத் தாண்டி எந்தக் கம்பெனியும் ஏற்ற முடியாது. இத்தனை காலம் ஏமாளிகளின் விலையாக இருந்ததுதான் இப்போது நாட்டிலேயே மலிவு. மாறவே கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனே புத்திசாலி. ஒரே வாக்கியம்: ஒன்றும் செய்யாதே.

அது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. ஷபீருக்குச் சொன்னால் டாக்ஸிக்குச் சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு யாருக்கும் யாருடைய உதவியும் தேவையில்லை. இந்தக் குளிர்காலம் ஒரு கதவுத் தட்டல் இருக்காது.

"ஒரு வாரம் பார்ப்போம்" என்றார்.

"பார்த்தா இறங்குமா?"

"பார்த்தாத்தானே தெரியும்."

இதில் பாவம் ஏதுமில்லை என்று நெவில் தனக்குத்தானே வாதாடி வென்றார். 'பார்ப்போம்' என்பதும் 'சும்மா இரு' என்பதும் பலனில் ஒன்றுதான். நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு பானை தேநீர்.

ஷபீர் மறுபடி வந்தார். மற்றவர்கள் முறை வராமலேயே வந்தார்கள். டிவியைப் போட்டால் திவால், பேப்பரைப் பிரித்தால் திவால். மனிதர்களுக்கு யாரிடமாவது போய் உட்காரவேண்டியிருந்தது. ஒருமுறை வருகிறவர்கள் மூன்று முறை வந்தார்கள். நாடு நடுங்கிக்கொண்டிருக்க, நெவில் ஹோல்ராய்டின் சமையலறையில் கல்யாணக்களை. நாற்காலி போதாமல் மாடியிலிருந்து ஒன்றை இறக்கினார். பிஸ்கட்டில் நல்ல வகையை வாங்க ஆரம்பித்தார். எல்லாரிடமும், "பார்ப்போம்" என்றார். அந்தச் சொல்லை அவர் நாளுக்கு நாள் அழகாகச் சொல்லக் கற்றுக்கொண்டார், பெரிய டாக்டர்கள் சொல்வதைப் போல.

மேவிஸ் தன் முறைக்கு ஒரு வாரம் முன்பே வந்தார். பார்க்கின் கொண்டுவரவில்லை. கோட்டைக் கழற்றியபோது உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார்டிகன் போட்டிருந்தது தெரிந்தது.

"நெவில், கண்ணு, நான் போட்டுடப் போறேன்."

"எதைப் போடப் போறீங்க?"

"ஒரு கம்பெனிக்காரப் பையன் போன் பண்ணினான். ரெண்டு வருஷத்துக்கு ஒரே விலை. இப்பக் கட்டறதவிட ரெண்டு மடங்குக்கு மேலதான். ஆனா ரெண்டு வருஷம் தூங்கலாம் பாருங்க. மூணு மணிக்குத் திரும்பக் கூப்பிடறேன்னான். போன்லயே சரின்னு சொன்னாப் போதுமாம்."

"எதுக்கு இவ்வளவு அவசரம்? என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டயா?" மேவிஸ் கோபப்படத் தெரியாதவர், ஆகவே அது அழுகை மாதிரிதான் வந்தது. "ஷபீருக்கும் பார்ப்போம்னீங்க, நர்ஸுக்கும் பார்ப்போம்னீங்க. இத்தனை வருஷம் ஒரு தடவைகூட நீங்க முழிச்சதில்ல. நீங்களே முழிக்கிறீங்கன்னா நான் எப்படிக் கண்ணு தூங்கறது? ஒரு மாசமா ஒத்த ரூம்லதான் ஹீட்டர் போடறேன். சட்டியில சூப் கொதிச்சா அதுமேல கையக் காட்டிக்கிறேன்."

நெவில் கெட்டிலை அடுப்பில் வைத்தார். வைத்துவிட்டு மேவிஸ் பக்கம் திரும்பாமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று அடிக்கப் போகிறது. இன்னும் ஒரு 'பார்ப்போம்' சொல்ல இடமிருந்தது. சொன்னால் இந்த அம்மாள் அந்தப் பையனிடம் சரி என்றுவிடுவார். இரண்டு வருஷம் சூப்புச் சட்டியில் குளிர்காய்வார். இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டவர் இரண்டு வருஷத்துக்கு இந்த வாசலுக்கு வரவும் வேண்டியதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் நெவிலுக்கு நஷ்டம்தான். ஒரு பக்கம் மட்டும் மேவிஸுக்கு நஷ்டமில்லை.

மேவிஸின் கைபேசி அடித்தது. மேவிஸுக்கு அதைக் காதில் வைத்துப் பேச வராது. மேஜைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி அமுக்கினார்.

"மிஸஸ் சக்டன்! எப்படி இருக்கீங்க? முடிவு பண்ணிட்டீங்களா?" பிள்ளையாண்டான் குரலில் பல்லெல்லாம் தெரிந்தது.

மேவிஸ் நெவிலைப் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லுங்க" என்றார் நெவில்.

"இவங்க வேணாமா? அப்ப யாருக்கு மாறணும்?"

"யாருக்கும் மாறவேணாம். ஒண்ணுமே செய்யாதீங்க."

போனில் சிரிப்புக் கேட்டது. "சார் யாரும்மா? வீட்டுக்காரரா?"

கெட்டில் மட்டும் முனகியது.

"பக்கத்துவீட்டுக்காரர்" என்றார் மேவிஸ். "எனக்கு வேணாம்ப்பா. சிரமப்பட்டுக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி, கண்ணு."

அதே கண்ணு. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

நெவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒப்பந்தம் முடியட்டும். அதன்பாட்டில் சோம்பேறி விலைக்குப் போய் விழட்டும். இன்றைக்கு அதுதான் மலிவு. வசந்தத்தில் அரசாங்கம் உச்சவரம்பை ஏற்றும், நிறையவே ஏற்றும். ஏற்றினாலும் அந்தப் பையன் சொன்ன விலை வராது. ஹீட்டரை எல்லா அறையிலும் போடுங்கள்.

"அப்ப எல்லாருக்குமே இதான் வழியா? ஷபீருக்கும்?"

"எல்லாருக்கும்."

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இப்பத்தான் தெளிவாச்சு" என்றார் நெவில், சர்க்கரைக் கிண்ணத்திடம்.

"அடுத்த வருஷம்?"

இங்கேயாவது ஏதாவது மிச்சம் பிடித்திருக்கலாம். அவருக்கே ஏனோ அலுத்துவிட்டது. "அடுத்த வருஷமும் இப்படித்தான் இருக்கும்போலத் தோணுது."

மேவிஸின் முகம் பிழிந்து உதறிய துணி மாதிரி தளர்ந்தது. சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். உடனே எழுந்து கோட்டைத் தேடினார்.

"டீ ஊத்திட்டேனே" என்றார் நெவில்.

"டீயா! தெருவே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, நான் டீ குடிக்கிறதா? ஷபீர் பொண்டாட்டி பாவம், பிள்ளைங்களுக்கு ராத்திரிக் குளியலையே நிறுத்திட்டாளாம். நான் போய்ச் சொல்லிடறேன்."

"நாளைக்கு அவங்களே வருவாங்களே. நானே..."

"ஐயோ, நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா கண்ணு? ஒரு மாசமா காலை சாயங்காலம் பார்க்காம வந்து உக்காந்துக்கறாங்க. உங்களுக்குன்னு ஒரு நிம்மதி உண்டா? நான் வீடு வீடாச் சொல்லிடறேன். இனிமே ஒருத்தர் உங்க கதவைத் தட்டமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். அதில் குளிர்தான் இருந்தது. கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார்.

நெவில் முன்னறைக்கு வந்து ஜன்னலோரம் நின்றார். விளக்கைப் போடவில்லை. வெளியே மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மேவிஸ் எதிர்வரிசைக்குப் போய் முதல் கதவைத் தட்டினார். திறந்தது; ஏதோ சொன்னார்; உள்ளே அழைத்துக்கொண்டார்கள். தெருவிலேயே அந்த நேரத்தில் யார் வீட்டையும் தட்டும் உரிமை மேவிஸ் ஒருவருக்குத்தான் இருந்தது. கொடுத்தவர் நெவில். இனி அதைத் திருப்பி வாங்கமுடியாது.

ஷபீர் வீட்டில் அதிக நேரம் இருந்தார். திரை போடாத ஜன்னல் வழியே ஷபீரின் மனைவி தட்டுகளை எடுத்து வைப்பது தெரிந்தது. மேவிஸ் கார்டிகன்களில் ஒன்றைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். யாரோ பெரிதாகச் சிரிக்கிற சத்தம் தெருவைக் கடந்து வந்தது. கெட்டிலை அடுப்பில் வைத்ததிலிருந்து தேநீர் ஊற்றியதுவரை தான் சொன்ன விஷயத்தில் சிரிப்பு எங்கே இருந்தது என்று நெவில் யோசித்துப் பார்த்தார்.

ஷபீர் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தார். டாக்ஸிக் கதவைத் திறந்தவர், இருட்டு ஜன்னலில் நெவிலைக் கண்டுபிடித்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"சாச்சா! மேவிஸ் சொன்னாங்க! ராத்திரி மீட்டர், பகல் மீட்டருன்னு என்னை என்னமா அலைக்கழிச்ச! போகட்டும், நல்லா இரு! இனிமே உன்கிட்ட எனக்கு ஒரு வேலையும் இல்ல!"

அது வாழ்த்துதான். நெவிலும் கட்டை விரலை உயர்த்தினார். டாக்ஸி அதற்குள் இறக்கத்தில் திரும்பிவிட்டது.

மேவிஸ் கையில் ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்து, மேட்டில் இருந்த அடுத்த வீட்டை நோக்கி ஏறினார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அந்த வீட்டு வாசல் நெவிலின் ஜன்னலுக்கு நேராக வராது. கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்து எட்டிப் பார்த்தார். தட்டுவது கேட்டது. கதவு திறந்து வெளிச்சம் நடைபாதையில் நீளமாக விழுந்தது. மேவிஸின் குரல் கேட்டது. யார் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பிறகு வெளிச்சம் சுருங்கிக் கதவுக்குள் போய்விட்டது.